பரணில் மூன்று மூட்டை

சித்தப்பா வீட்டுப் பரணில் மூன்று மூட்டை மிளகு இருக்கிறது. இரண்டு இந்த வருஷத்துக் காய்ப்பு, ஒன்று போன வருஷத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறி, ஒரு கை அள்ளி வந்து என் உள்ளங்கையில் கொட்டினார். நன்றாகக் காய்ந்த மிளகு கலகலவென்று உருளும்; ஈரம் இருந்தால் அந்தச் சத்தம் வராது.

"இப்பவே போட்டுடலாமா கண்ணு, இல்ல இன்னும் ஏறுமா?" என்று கேட்டார்.

அதே வாரம் கைபேசியில் நானும் இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். நான் வாங்கிய ஒரு பங்கு இரட்டிப்பாகி நிற்கிறது.

கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் எல்லா வெள்ளாமைக்கும் இந்தக் கேள்வி வராது. குச்சிக்கிழங்கைப் பிடுங்கினால் இரண்டொரு நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும். அன்னாசியும் வாழையும் பழுக்கத் தொடங்கிவிட்டால் சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். மிளகு அப்படியல்ல. காயவைத்துக் கட்டிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்துப் பறிக்கிற பாட்டைவிட, பறித்ததை எப்போது விற்பது என்கிற யோசனைதான் சித்தப்பாவைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. 2015 வாக்கில் மிளகு கிலோ 700 ரூபாயை ஒட்டிப் போனது. ஆயிரத்தைத் தொடும் என்று மலை முழுக்கப் பேச்சு. அவர் விற்கவில்லை. வியட்நாம் தோட்டங்கள் காய்த்துக் கொட்ட, விலை சரிந்தது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு வைத்தும் சரிவு நிற்கவில்லை. 2020-இல் பழைய உச்சத்தில் பாதி விலைக்குத்தான் அவர் மூட்டையை இறக்கினார். 2023-இல் விலை மறுபடி 600-ஐத் தாண்டியபோது, அவர் நினைப்பெல்லாம் அந்தப் பழைய 700-லேயே நின்றது.

பங்கு வைத்திருப்பவர்களின் நோய் சற்று வேறு. ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1985-இல் இதை எழுதினார்கள்: ஏறிய பங்கை அவசரமாக விற்கிறோம், இறங்கியதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். நம் சென்னை எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூன் 13-ஆம் தேதி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதுவரை வழியில் லாபம் கண்டு இறங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ!

நான் வாங்கிய விலையைப் பார்த்துத் தவிக்கிறேன். சித்தப்பா தவறவிட்ட விலையைப் பார்த்துத் தவிக்கிறார். பங்குக்கும் தெரியாது, மிளகுக்கும் தெரியாது அந்த விலைகள். அதனால் அவரிடம் வேறு மாதிரி கேட்டேன்: "பரண் காலி, அந்த மூட்டைக்கான பணம் உங்க கையில இருக்குன்னு வைங்க. இன்னைக்கு விலைக்கு மிளகு வாங்கிப் போடுவீங்களா?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு மூட்டை வாங்குவேன். மூணு வாங்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்கும் பொருந்தியது. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. ஆனால் என் சேமிப்பில் பெரும்பகுதி அந்த ஒரே பங்கில் வந்து நிற்பது சரியில்லை. வாங்கி ஒரு வருஷம் ஆகாமல் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஒரு வருஷம் கடந்தால் 12.5 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்குத்தான். எனக்கு வருஷம் கடந்துவிட்டது. பாதியை விற்றேன்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பாவின் இரண்டு மூட்டைகள் விற்பனைக்காகச் செம்மேட்டுக்கு வண்டி ஏறின. தங்கச்சியின் நர்சிங் கல்லூரிப் பணம் இந்த மாதம் கட்ட வேண்டும். மூன்றாவதை அவரே பரணின் மூலைக்கு நகர்த்தி, எலி வராமல் தகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.