குதிகால் காயத்துக்கு எந்த ஃபிளாப்?

பைக்கின் பின்சக்கரக் கம்பியில் குழந்தையின் கால் சிக்கினால், அதிகம் அடிபடுவது குதிகாலும் கணுக்காலும்தான். அங்கே தோலுக்கு அடியில் சதை குறைவு. தோல் பிய்ந்தாலே எலும்பும் தசைநாரும் வெளியே தெரியும்.

‘தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?’ என்று பெற்றோர் கேட்பது வழக்கம். ஒட்டிய தோல், அடியில் உள்ள ரத்த ஓட்டத்தை நம்பித்தான் பிழைக்கும். மேலுறை உரிந்த எலும்பிலும் தசைநாரிலும் அது பிடிக்காது. அங்கே தேவைப்படுவது ‘ஃபிளாப்’, அதாவது தனக்கான ரத்தக்குழாயோடு எடுத்துப் பொருத்தப்படும் திசு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் காயத்தின் இடமும் அளவும் தீர்மானிக்கின்றன.

உள்ளங்கால் ஃபிளாப்: குதிகாலின் அடிப்பகுதி, உடல் எடையைத் தாங்கும் இடம். உள்ளங்கால் வளைவில் தரையில் படாத தோலும் அதே வகைதான். அதை நரம்போடு நகர்த்தினால் தொடு உணர்ச்சியும் கிடைக்கும். காயம் பெரிதாக இருந்தால் இது போதாது.

கெண்டைக்கால் ஃபிளாப்: குதிகாலின் பின்பக்கக் காயத்துக்கு ஏற்றது. கெண்டைக்கால் தோலைக் கீழ்நோக்கித் திருப்பி மூடுவார்கள். ரத்தக்குழாய்களை வெட்டி இணைக்க வேண்டியதில்லை. ஆனால், பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகலாம். கெண்டைக்காலில் தழும்பு இருக்கும். சர்க்கரை நோய், ரத்தக்குழாய் அடைப்பு, புகைப்பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு ஃபிளாப்பின் ஓரம் கறுத்து அழுகும் ஆபத்து கூடுதல்.

ஃப்ரீ ஃபிளாப்: காயம் பெரிதென்றால் தொடை அல்லது முதுகுத் திசுவைத் தனியாக எடுத்து, மைக்ரோஸ்கோப் உதவியுடன் காலின் ரத்தக்குழாய்களோடு தைப்பார்கள். பல மணி நேர ஆபரேஷன் இது. முதல் சில நாட்கள் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டால் உடனே மறு ஆபரேஷன் தேவைப்படும்.

நேரமும் முக்கியம். மார்கோ கோடினா என்ற மருத்துவர், ஃப்ரீ ஃபிளாப் செய்துகொண்ட 532 பேரின் விவரங்களை 1986-ல் வெளியிட்டார். 72 மணி நேரத்துக்குள் மூடப்பட்ட காயங்களில் ஃபிளாப் தோல்வி 1 சதவிகிதத்துக்கும் குறைவு. அதன்பின் மூன்று மாதத்துக்குள் மூடியவற்றில் 12 சதவிகிதம்.

அதனால் காயத்தில் மஞ்சளோ காபித்தூளோ வைக்காதீர்கள். தொங்கும் தோலை வெட்டாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்தி மூடி, பிளாஸ்டிக் சர்ஜன் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ‘நடக்கும்போது இந்த இடம் எடை தாங்குமா, உணர்ச்சி இருக்குமா, திசு எடுக்கும் இடத்தில் என்ன பாதிப்பு?’ என்ற மூன்றையும் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

பைக்கில் கழற்றி வைத்த சாரி கார்டு இருந்தால், இன்றே மாட்டிவிடுங்கள்.