ரேடியம் ஜாக்கெட் சலுகை அல்ல, உரிமை!

மும்பை நகரம் இன்று ஓயாமல் தோண்டப்பட்டுக்கொண்டிருக்கிறது. தாராவியின் அடியில் சுரங்கம் போட்டு 2025 மே மாதம் மெட்ரோ ரயிலை ஓட்டினார்கள். நூறாண்டு கண்ட சயான் ரயில்வே மேம்பாலத்தை 2024 ஆகஸ்டில் போக்குவரத்துக்கு மூடினார்கள். தாராவியையே இடித்துவிட்டு அடுக்கு மாளிகைகள் எழுப்பும் திட்டமும் வந்து நிற்கிறது. சாலை, சாக்கடை, பாலம், தண்டவாளம் என்று இரவு பகலாக வேலை நடக்கிறது. அந்த வேலைகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கம்பி கட்டுகிறார்கள், கான்கிரீட் சுமக்கிறார்கள், கேபிள் புதைக்கிறார்கள், விடியும் முன்பே சாலையைப் பெருக்குகிறார்கள்.

அவர்கள் சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் ஆரஞ்சு, மஞ்சள் நிற ஜாக்கெட்டைப் பற்றி இந்த மாதம் பேச விரும்புகிறோம். 'ரேடியம் ஜாக்கெட்' என்று நம் மக்கள் சொல்வது அதைத்தான். அரசியல் ஏட்டில் ஒரு சட்டையைப் பற்றித் தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். அதை யார் வாங்கித் தர வேண்டும்? எப்படிப்பட்டதைத் தர வேண்டும்? யாருக்கெல்லாம் தர வேண்டும்? இந்த மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் பதிலில் உழைப்பவனின் உயிருக்கு முதலாளி வைத்திருக்கும் விலை தெரிந்துவிடும். ஆகவே இது அரசியல்தான்.

இந்த ஜாக்கெட் பிறந்ததே தொழிலாளியின் உயிரைக் காக்கத்தான். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மின்சார ரயில் ஓடும் பாதையில் வேலை செய்த தண்டவாளத் தொழிலாளர்களுக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 'மின்மினி' என்பது அதற்கு அன்று வைத்த பெயர். ரயில் ஓட்டுநர் தூரத்திலேயே ஆளைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அங்கே தொடங்கியதுதான் பின்னர் உலகெங்கும் பரவியது.

இதில் ரேடியம் எதுவும் கிடையாது. இரண்டு வேலைகளை இரண்டு பொருள்கள் செய்கின்றன. ஜாக்கெட்டின் துணி பகலுக்கானது. வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் நிறமாக அது மாற்றுகிறது. அதனால்தான் மற்றத் துணிகளைவிடப் பளிச்சிடுகிறது. இருட்டில் அந்தத் துணியால் பயனில்லை. இரவுக்கானது அதன்மேல் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டை. லாரியின் விளக்கு அதன்மேல் பட்டதும், வந்த திசையிலேயே ஒளியைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணுக்கு அனுப்புகிறது. துணி நன்றாக இருந்து பட்டை தேய்ந்திருந்தால் பகலில் மட்டுமே பாதுகாப்பு. பட்டை நன்றாக இருந்து துணி வெளுத்திருந்தால் இரவில் மட்டுமே பாதுகாப்பு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரே நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த 17 மீட்டர் போய்விடும். வண்டி நிற்பதற்கு மேலும் தூரம் வேண்டும். கறுத்த சட்டையும் அழுக்குக் கைலியுமாக இருட்டில் நிற்பவனை வெகு அருகில் வந்த பிறகே ஓட்டுநர் காண்கிறார். அந்தச் சில நொடிகளைச் சம்பாதித்துக் கொடுப்பதே ஜாக்கெட்டின் வேலை.

ஆனால் காண்டிராக்டர்கள் கொடுப்பது என்ன? இருப்பதிலேயே மலிவான ஒன்றை மொத்தமாக வாங்கி, பத்துப் பேருக்கு ஆறு என்று வீசுகிறார்கள். வலைத் துணியில் விரல் அகலப் பட்டை இரண்டு. நான்கு முறை துவைத்தால் பட்டை உரிந்துபோகும். அதை மாட்டியிருப்பவன் தான் தெரிவதாக நம்பிக்கொண்டு சாலையில் இறங்குகிறான். இந்தப் பொய் நம்பிக்கை ஜாக்கெட் இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

நல்ல ஜாக்கெட் எது என்று கண்டுபிடிக்கப் பொறியாளர் படிப்பு வேண்டியதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென்றே ஐ.எஸ். 15809 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 20471 இருக்கிறது. உட்புறத் துணிச்சீட்டில் தர எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு தையல் டேப்பை எடுங்கள். உலகத் தரத்தின்படி பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டாம் வகுப்பு ஜாக்கெட்டில் நிறத்துணி அரை சதுர மீட்டரும், ஒளிப் பட்டை 0.13 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். 5 சென்டிமீட்டர் அகலப் பட்டையென்றால் மொத்த நீளம் 2.6 மீட்டர் வர வேண்டும். அளந்து பார்த்தால் மோசடி தெரிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகம் வரை வண்டிகள் ஓடும் சாலைக்கு இரண்டாம் வகுப்பு. அதைத் தாண்டிய வேகத்துக்கு மூன்றாம் வகுப்பு என்று அந்தத் தரம் வழிகாட்டுகிறது. மூன்றாம் வகுப்புக்குக் கையோ காலோ மறையும் உடையும் சேர வேண்டும். கையில்லாத ஜாக்கெட் மட்டும் போதாது.

இன்னொரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைக் கண்ணோரம் பிடித்துக்கொண்டு இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். பட்டை வெள்ளையாகச் சுடர்விட வேண்டும். பிறகு தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மலிவான பட்டைகள் பல நனைந்ததும் மங்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டுகிற இந்த ஊரில் நனைந்தால் மங்கும் பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மழையில் ஜாக்கெட்டுக்கு மேல் ரெயின்கோட்டு போட்டால் ஜாக்கெட் மறைந்துபோகும். ஆகவே மழைக்காலத்தில் ஒளிப் பட்டை தைத்த ரெயின்கோட்டையே கேட்க வேண்டும். மஞ்சள் இயந்திரங்களுக்கு நடுவே நிற்பவருக்கு ஆரஞ்சு ஜாக்கெட் நல்லது. வெல்டிங் செய்பவர் சாதாரணப் பாலியஸ்டர் ஜாக்கெட்டைப் போடக்கூடாது. பொறி பட்டால் உருகி உடம்பில் ஒட்டும்.

நம் தாய்மார்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேலை உடுத்திக் கல் சுமக்கும் பெண்ணுக்கு ஆண் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் தொளதொளவென்று தொங்கும், இயந்திரத்தில் சிக்கும். முந்தானையை மேலே போட்டால் பட்டை மறையும். பெண்களுக்கு அளவான ஜாக்கெட் கேட்பது அலங்காரத்துக்காக அல்ல.

இனி, யார் வாங்கித் தர வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 6ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது. ஜாக்கெட்டுக்கு, தொப்பிக்கு, பூட்சுக்கு என்று கூலியில் பிடித்தால் அது சட்டவிரோதம். வேலைக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 14ஆம் பிரிவு, பாதுகாப்புக் குறைவைப் பற்றி முறையிடும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. ஆனால் இந்தத் தொகுப்பு பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களையே கணக்கில் கொள்கிறது. நாலு பேரை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியின் கீழ் இருப்பவன் மட்டும் மனிதன் இல்லையா? இந்த ஓட்டையை அடைக்கப் போராட வேண்டியது தொழிற்சங்கங்களின் கடமை.

மகாராஷ்டிரக் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் பதிவு பெற்றவர்களுக்கு வழங்கியுள்ள பாதுகாப்புப் பெட்டியில் ஒளிப் பட்டை ஜாக்கெட்டும் ஒன்று. 18 முதல் 60 வயதுக்குள் இருந்து, முந்தைய ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் பதிவு செய்யலாம். பதிவு செய்யாதவர்கள் உடனே செய்யுங்கள். இடைத்தரகனிடம் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். வாரியம் ஒன்று கொடுத்துவிட்டது என்பதற்காக முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விபத்து நடந்தால், "அவன் ஜாக்கெட் போடவில்லை, அதனால் நட்ட ஈடு கிடையாது" என்று மிரட்டுவார்கள். அந்த மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டமும், அதன் இடத்துக்கு இப்போது வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும், சாவு நேர்ந்தாலோ நிரந்தரமாக முழுமையாக முடங்கிப்போனாலோ அந்தச் சாக்கை ஏற்பதில்லை. ஆனால் அதற்குக் குறைந்த காயங்களில், கொடுத்த பாதுகாப்பை வேண்டுமென்றே புறக்கணித்தான் என்று நிரூபித்தால் முதலாளி தப்ப வழி உண்டு. ஆகவே கொடுத்த ஜாக்கெட்டைப் போடாமல் இருந்து முதலாளிக்கு ஆயுதம் கொடுக்காதீர்கள். "வேர்க்கிறது, இறுக்குகிறது" என்று கழற்றி வைக்கும் இளைஞர்களுக்கு வீட்டிலுள்ள பெரியவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே சமயம், ஜாக்கெட் ஒன்றே போதும் என்று முதலாளிகள் கை கழுவவும் விடக்கூடாது. 2024 ஜனவரி 22 இரவு, வசை ரோட்டுக்கும் நைகாவுக்கும் இடையே சிக்னல் பழுது பார்க்கப் போன மூன்று ரயில்வே ஊழியர்கள் உள்ளூர் ரயில் மோதி இறந்தார்கள். நம் செம்பூருக்குப் பக்கத்து டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் தலைவராக இருந்த அனில் ககோட்கரின் தலைமையில் அமைந்த ரயில்வே பாதுகாப்புக் குழு, 2007-08 முதல் 2011 அக்டோபர் வரை வேலையின்போது 1,600 ரயில்வே ஊழியர்கள் இறந்ததாகத் தன் 2012 அறிக்கையில் சொன்னது. ஜாக்கெட் ஓட்டுநருக்கு ஆளைக் காட்டும். ஓடும் ரயிலை நிறுத்தாது. ரயில் வருகிறது என்று எச்சரிக்கத் தனி ஆள், வேலை முடியும் வரை ரயிலை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு, சாலையில் என்றால் தடுப்பும் விளக்கும் கொடி பிடிக்கும் ஆளும் இருக்க வேண்டும். இவை எல்லாம் இருந்து, அதற்கு மேல்தான் ஜாக்கெட்.

தோழர்களே! தனி ஆளாகக் கேட்டால் "இஷ்டமிருந்தால் வேலை செய், இல்லாவிட்டால் ஊருக்குப் போ" என்பார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிட வந்த நம் முன்னோர் காலத்திலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு அது. ஆகவே கூட்டாகக் கேளுங்கள். மராத்தித் தோழனையும், பீகாரிலிருந்து வந்த தோழனையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்; லாரிக்கு மொழி வேற்றுமை கிடையாது. ஆளுக்கொரு ஜாக்கெட், தர எண் உள்ள ஜாக்கெட், கூலியில் பிடிக்காத ஜாக்கெட், வெளுத்தால் மாற்றித் தரும் ஜாக்கெட் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கொடுத்த கடிதத்துக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நியமனக் கடிதத்தையும் கேளுங்கள். சாலையில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிய ஜாக்கெட் வேண்டும். சட்டத்தின் கண்ணுக்குத் தெரிய ஏட்டில் பெயர் வேண்டும். இரண்டையும் வாங்காமல் விடக்கூடாது!