காங்கேசன்துறைக் கல்லும் வலிகாமத்துக் கிணறும்

1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வேலை தொடங்கியபோது யாழ்ப்பாணம் பெருமிதங் கொண்டது. அந்நாளில் கைத்தொழில் அமைச்சராக வீற்றிருந்தவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம். காலடியில் சுண்ணாம்புக்கல், முருங்கனிலிருந்து புகைவண்டியில் களிமண், பக்கத்திலேயே துறைமுகம். ஒரு தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? இங்கே சுட்ட கிளிங்கர் காலி வரை சென்று அங்கே அரைபட்டுச் சீமெந்தாயிற்று. எத்தனையோ குடும்பங்கள் அதனால் வாழ்ந்தன. 1990இல் போர் அந்தச் சூளையை அணைத்தது.

2009க்குப் பின்னர், தொழிற்சாலையை மீண்டும் திறப்போம் என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. ஆட்சிகள் மாறினாலும் பேச்சு மாறவில்லை. வேலையின்றித் திரியும் இளைஞரைப் பார்க்கையில், வேண்டாம் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறவனுக்குச் சீமெந்தின் விலை என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆயினும் கல்லைத் தொன் கணக்கில் அளக்க வருவோரிடம் ஒன்று கேட்கின்றோம்: அந்தக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரை எவர் அளந்தார்?

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். வடகீழ்ப் பருவக் காற்றுக் கொணரும் மழை செம்பாட்டு மண்ணூடாக இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்குகின்றது. அந்த நன்னீர் கீழேயுள்ள கடல்நீரின்மேல் மிதந்து கொண்டிருக்கின்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் உண்டு. மேலே ஓரடி இறங்கினாலோ, காலப்போக்கில் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதன் காரணம் இதுவே. தம் கிணற்றில் உவர் ஏறி வெங்காயப் பாத்தி கருகக் கண்ட கமக்காரருக்கு இந்தக் கணக்கை எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஒரு தொன் சீமெந்துக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழே கல் வெட்டுவதானால் குழியில் ஊறும் நீரை இறைத்துக் கொட்டியே வெட்ட வேண்டும். கடற்கரையை அண்டிய குழியிலே இதனைச் செய்வது கடலுக்குக் கதவு திறந்துவிடுவதை ஒக்கும். மழை ஆண்டுதோறும் வரும். சுட்ட கல் திரும்பி வாராது. அந்தக் கல்லில் எதுவும் எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோதே கண்டோம் அன்றோ?

தொழிலே வேண்டாம் என்பதல்ல எமது கட்சி. காலியில் சுண்ணாம்புக்கல் வெட்டியா சீமெந்து செய்தார்கள்? எமது கிளிங்கரை அரைத்தல்லவா செய்தார்கள்! இன்று திருகோணமலையிலே கடல்வழி வரும் கிளிங்கர் அரைபடுகின்றது. துறைமுகம் உள்ள காங்கேசன்துறையிலும் அவ்வாறு அரைக்கலாம். தூசியை அடக்கும் பொறிகளை முதலிலேயே பூட்டிவிட வேண்டும், அவ்வளவே. சூளையும் கல்வெட்டும் இருந்த காலத்தைப் போல அத்தனை பேருக்கு வேலை கிடைக்காது என்பது உண்மைதான். அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் வலிகாமத்துத் தோட்டங்கள் உவர் பட்டால் வேலை இழப்போர் அதனினும் பலர்.

கல்வெட்ட அனுமதி கேட்போர் எவராயினும், முதலில் தெல்லிப்பழை முதல் புன்னாலைக்கட்டுவன் வரையுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவரையும் ஒரு மாரியும் ஒரு கோடையும் அளக்க வேண்டும். எமது பொறியியலாளரும் கமக்காரரும் உடனிருந்து அளக்க வேண்டும். அந்த அளவுகள் தமிழிலே அச்சாகி ஊர்தோறும் வர வேண்டும். அதுவரை காங்கேசன்துறைக் குழிகளில் வெடி வைக்கலாகாது.