மிகைப்பொருளும் வாணிக அறமும்

தம்மிடம் மிஞ்சியதைக் கொடுத்துத் தம்மிடம் இல்லாததைப் பெறுவதே வாணிகத்தின் வேராகும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஒரு வீட்டார் வேண்டாமெனக் கழித்த நாற்காலி மற்றொரு வீட்டு மாணவனின் படிப்பறைக்குப் போய்ச் சேர்கிறது. தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதி இளைஞர்கள் இவ்வுண்மையைக் கணிப்பொறி விளையாட்டிலும் பயில முடியும்.

1991-இல் முதன்முதல் வெளிவந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டில், ஆடுபவர் ஓர் அரசை ஆள்வார். எதிரரசுகளைக் கணிப்பொறியே நடத்தும். 2010-இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் முத்து, பட்டு, நறுமணப்பொருள் போன்றவை இடம்பெறுகின்றன. முத்து ஒரு பங்கு கிடைத்தால் மக்களின் மகிழ்ச்சி 4 புள்ளி உயரும்; இரண்டாம் பங்கினால் ஒரு புள்ளியும் உயராது. ஆயினும் அவ்விரண்டாம் பங்கை முத்தில்லாத அரசுக்குக் கொடுத்தால் பட்டோ பொன்னோ கிடைக்கும். பொருளியல் நூல்கள் கூறும் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' இங்கே கண்முன் நிற்கிறது. இவ்வளவில் இவ்விளையாட்டு நல்லாசிரியனே.

ஆனால் அதே களத்தில் வேறொரு தந்திரமும் உண்டு. விலை முழுவதையும் பொன்னாக முன்னரே வாங்கிக்கொண்டு, உடனே போர் தொடுத்தால் ஒப்பந்தம் முறியும். பொன்னும் பொருளும் நம்மிடமே தங்கும். 2013-இல் வெளிவந்த 'பிரேவ் நியூ வேர்ல்ட்' விரிவாக்கத்தில், நட்புறுதி செய்துகொண்ட அரசுகளுக்கிடையே மட்டுமே மொத்தப் பொன் கைமாறலாம் என்ற விதி வந்து, இத்தந்திரத்தின் வழியைக் குறுக்கியது.

"இயந்திரத்தை ஏமாற்றினால் யாருக்கு இழப்பு?" என்று மாணவர் வினவலாம். அதற்கு விடை நம் கடற்கரை வரலாற்றிலேயே உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டிய நாட்டில் முத்து மிகுதி, நற்குதிரை அரிது. ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் கடல்வழி வந்தன. காயல் துறைமுகம் செழித்தது. பேணும் முறை தெரியாமையால் அக்குதிரைகள் ஆண்டுதோறும் மடிந்தன என்றும், விற்பனை குறையுமென அஞ்சிய வணிகர் குதிரை மருத்துவர் எவரையும் இங்கு வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். அக்கூற்று மெய்யாயினும் மிகையாயினும், அது எழுப்பும் வினா பெரிது: மற்றவரின் அறியாமை நமக்கு ஆதாயமாகலாமா?

மிகைப்பொருளை விற்பது அறிவுடைமை. வாங்குபவரின் அறியாமையையும் சேர்த்து விற்பது அறமன்று. கணிப்பொறி எதிரி தோற்றாலும் அடுத்த ஆட்டத்தில் பழையதை மறந்து புதிதாக வந்து அமரும். மனிதர் அவ்வாறு மறப்பதில்லை. இந்த வெள்ளியன்று ஏமாந்தவர் அடுத்த வெள்ளியன்று வேறு கடைக்கே செல்வார். தம் உறவினரையும் அங்கேயே அழைத்துச் செல்வார். இயந்திரத்திற்கு இழப்பு ஒன்றுமில்லைதான். ஆனால் ஏய்த்து வென்ற பழக்கம் ஆடியவரின் கையிலேயே தங்கிவிடும்.

ஆகவே, பிள்ளைகளின் விளையாட்டைப் பெரியோர் அடியோடு வெறுக்க வேண்டா. "எதை விற்றாய்? எதைப் பெற்றாய்? எதிரில் இருந்தவர்க்கு என்ன கிட்டியது?" என்று அருகமர்ந்து கேட்டால் போதும். மூன்றாம் வினாவிற்கும் தயங்காமல் விடை கூறும் மாணவரே நாளை நல்ல வணிகராவார்.