ஐந்து நிமிடக் கணக்கும் அழியும் வீட்டுத்தோட்டமும்

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை காலை 8 மணிக்கு, இந்நாட்டு மக்கள் யாவரும் தத்தம் வீட்டுத்தோட்டத்தில் நின்று குரங்கையும் மயிலையும் மலையணிலையும் எண்ணுமாறு அரசினாற் கேட்கப்பட்டனர். 8.05க்கு எண்ணிக்கை முடிவுற்றது. மலையகத் தோட்டமொன்றின் லயத்துக்குப் பின்னாலுள்ள எங்கள் மரக்கறித் துண்டில் அப்பாவும் ஒரு தாளும் பென்சிலுமாக நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு குரங்கேனும் வரவில்லை. சுழியம் என எழுதி மடித்து வைத்தார். 8.20 அளவில் கூட்டம் வந்திறங்கியது. போஞ்சிப் பந்தலிற் பிஞ்சு மிஞ்சவில்லை.

இச்சம்பவத்தை நகைச்சுவைக்காக நான் கூறவில்லை. வீட்டுத்தோட்டத்தை அழிக்கும் விலங்குகள் பற்றி இந்நாட்டில் நிகழும் விவாதம் முழுவதும் அந்த ஐந்து நிமிடத்தைப் போன்றதே என்பது என் கருத்து. விலங்கை எண்ணுகின்றோம், ஏற்றுமதி செய்வோமா என்கின்றோம், சுடுவோமா என்கின்றோம். தோட்டத்தை எவ்வாறு காப்பது, அதற்கான செலவை யார் ஏற்பது என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் 1 இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை அமைச்சு மட்டத்திலிருந்தே வெளிவந்தது. விடயம் நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவ்வாறான ஏற்றுமதி நடைபெறாதென அரச தரப்பு மன்றுக்கு அறிவித்தது. இடைப்பட்ட மாதங்களிற் பத்திரிகைகள் எழுதியவை எத்தனை! கேலிச்சித்திரங்கள் எத்தனை! அவற்றிடையே, ஒரு பந்தலுக்கு வலை போட எத்தனை ரூபா செல்லும் என்ற கணக்கு என் கண்ணிற் படவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் நாடே இருளில் மூழ்கியபோதும் பொறுப்பு ஒரு குரங்கின் தலையிற் சுமத்தப்பட்டது. குற்றஞ்சாட்ட விலங்கைப் போல் வசதியானது வேறில்லை. அது மறுப்பறிக்கை விடாது.

எனினும், எதிரணியில் நிற்கும் நண்பர்களையும் நான் விடுவதாயில்லை. “விலங்கும் உயிர்தானே, அதற்கும் உணவிற் பங்குண்டு” என எமது விரிவுரை மண்டபங்களிற் பேசுவோர் பலர். பங்குண்டு என்பதை மறுப்பாரில்லை. ஆனால் அந்தப் பங்கு யாருடைய கோப்பையிலிருந்து எடுக்கப்படுகின்றது? நூறு பலாக்காய் காய்க்கும் வளவுக்காரர் பத்தை இழப்பதும், இருபது போஞ்சிக் கொடி வைத்திருக்கும் கொழுந்து பறிக்கும் பெண் அவ்வளவையும் ஒரு காலையில் இழப்பதும் ஒன்றல்ல. அவளுக்கு அக்கொடிகள் பொழுதுபோக்கல்ல. கடையில் மரக்கறி வாங்காதிருக்கும் ஒரு வாரம் அது. உணவுச்சாலையில் வரிசையில் நின்று உண்ணும் நாம் அவளுடைய பங்கைக் கருணையின் பெயரால் எடுத்துக் கொடுப்பது எவ்வகை அறம்? இவ்வளாகத்தின் குப்பைத் தொட்டிகள் மூடியின்றிக் கிடப்பதையும், அவற்றில் உண்டு கொழுத்த கூட்டமே மாலையில் அயலவர் வளவுக்குள் இறங்குவதையும் இந்நண்பர்கள் கண்டும் காணாதவர் போலிருக்கின்றனர் என்பதை இடையிற் சொல்லிவைக்கின்றேன்.

அப்படியாயிற் கொல்வதே வழியா? கொல்லலாம் என்போர் தம்மை உழைப்பாளியின் தோழர் எனக் கூறிக்கொள்வதாலேயே அவர்களுக்குச் சற்று விரிவாக விடையிறுக்க வேண்டியுள்ளது.

செங்குரங்கு இத்தீவுக்கே உரிய இனம். பொலன்னறுவையில் 1968 முதல் அதனை ஆராய்ந்து வந்த வொல்ப்கேங் டிட்டஸ், காட்டில் இயல்பாக வாழும் கூட்டங்களிற் பிறக்கும் குட்டிகளிற் பெரும்பாலானவை பருவமடையுமுன்னரே இறந்துவிடுகின்றன எனக் காட்டினார். உணவு போதாமையே அங்கு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கை. குப்பைமேடும் கோயில் வாசலிற் போடப்படும் பழமும் அந்தக் கையைக் கட்டிவிடுகின்றன. உணவு அங்கேயே இருக்க, பத்துக் குரங்கைச் சுட்டால் எஞ்சியவற்றின் குட்டிகள் பிழைக்கும். அயற்கூட்டம் இடத்தைப் பிடிக்கும். பிடித்து வேறிடத்தில் விடுவதும் இத்தகையதே. நம் ஊர்க் குரங்கை அடுத்த ஊரிலும், அடுத்த ஊர்க் குரங்கை நம் ஊரிலும் இரவோடிரவாக இறக்கிவிடும் இந்தப் பண்டமாற்றால் இலாபமடைபவர் லொறிக்காரர் ஒருவரே.

அதனினும் கொடியது சுருக்கு. காட்டுப்பன்றிக்கெனக் கம்பியில் வைக்கப்படும் சுருக்குக்கு எது பன்றி, எது வேறு என்று தெரியாது. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதியில், தேயிலைத் தோட்டமொன்றின் மரக்கறித் துண்டில் இருந்த சுருக்கில் ஒரு கருஞ்சிறுத்தை கழுத்து இறுகி அகப்பட்டது. மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அது மே 29ஆம் திகதி இறந்தது. அதன் படத்தைப் பார்த்துக் கொழும்பு அழுதது. நானும் அழுதேன். ஆயின் அச்சிறுத்தையின் கழுத்திற் கிடந்த கம்பியின் மறுமுனை எதில் கட்டப்பட்டிருந்தது? கோவாவும் கரட்டும் விளையும் ஒரு துண்டு நிலத்தின் பசியில். கம்பி வைத்தவரைத் தண்டிக்கச் சட்டம் உண்டு; 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. கம்பியின்றி அத்துண்டைக் காக்க அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டால் விடையில்லை. வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியிற் பாய்ச்சுவோர் கதையும் இதுவே. அதில் இறந்த யானைகளோடு மனிதரையும் எண்ண வேண்டும்.

இனி, காப்பதெப்படி? இவ்விடத்தில் விலங்கைப் பிரித்தறிதல் அவசியம். “அணிற் தொல்லை” என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைக்கின்றோம். சேது கட்ட மணல் சுமந்து முதுகில் மூன்று கோடு பெற்றதாகக் கதையிற் புகழப்படும் சின்ன அணில் கொய்யாவையும் மாதுளையையும் கடிக்கும். பிஞ்சிலேயே துணிப்பை கட்டினால் பழம் பெரும்பாலும் தப்பும். தென்னங்குரும்பையைத் துளைக்கும் மலையணில் வேறு. இவ்விலங்கு இத்தீவிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே வாழ்வது. அதற்கெனவே 1988இல் தமிழ்நாட்டின் திருவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. அங்கே காக்கப்படுவது இங்கே ஐந்து நிமிடக் கணக்கிற் பயிரழிக்கும் விலங்காக எண்ணப்பட்டது! மரத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே வழுவழுப்பான தகரப் பட்டை அடித்தால் எலியும் அணிலும் அடியிலிருந்து ஏறமாட்டா. மலையணில் கிளைவழியே தாவி வருவது. ஆதலால் அயல் மரத்தின் கிளை தென்னோலையைத் தொடாதவாறு வெட்டினாலன்றித் தகரத்தாற் பயனில்லை. அந்த அயல் மரமோ பெரும்பாலும் அயலவருடையது. எனவே ஒரு வீட்டார் தனித்துச் செய்யக்கூடிய வேலையன்று இது.

முள்ளம்பன்றி இரவில் வந்து மரவள்ளியைக் கிண்டும், தென்னங்கன்றின் குருத்தை அரியும். மண்ணுக்குள்ளும் இறங்குமாறு கம்பிவலை சுற்றிப் புதைத்தால் அதனைத் தடுக்கலாம். குரங்கே கடினமானது. வெருளியையும் சீனவெடியையும் அது சில நாளிற் புரிந்துகொள்ளும். எல்லாப் பக்கமும் மேலும் மூடிய வலைக்கூண்டும், வீட்டில் ஓர் ஆளும் நாயுமே அதற்கு மருந்து. முன்னர் பாட்டி இருந்தார்; கம்பை ஊன்றிக்கொண்டு காலை முழுதும் அங்கேயே நிற்பார். இன்று அவர் இல்லை. அம்மா கொழுந்துக்கும் அப்பா மலைக்கும் போன பின்னரே கூட்டம் வருகின்றது. நேரம் அறிந்த கூட்டம் அது. குரங்கு அதிகம் நாடாத இஞ்சியையும் மஞ்சளையும் நடுமாறு ஆலோசனை கூறுவாருளர். நல்லதே. இஞ்சியைக் கறியாக்கிச் சோற்றோடு பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முறையையும் அவர்களே கற்பிப்பார்களாக.

வலை, கம்பி, தகரம் ஆகிய மூன்றும் விலைக்குரியவை. உரத்துக்கு மானியம் வழங்கிய அரசுகள் வலைக்கும் வழங்கலாம். அதனை வயற்காரருக்கு மட்டுமன்றி, ஏட்டில் விவசாயி என்றே பதியப்படாத லயத்துப் பெண்ணுக்கும் வழங்க வேண்டும். குப்பையை மூடுவது உள்ளூராட்சிச் சபையினதும் எம்போன்ற நிறுவனங்களினதும் கடமை. இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று உள்ளது. எங்கள் துண்டு எங்களுடையதன்று. மலையகத் தோட்டக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு லயத்துக்கோ அதன் பின்னாலுள்ள மண்ணுக்கோ உறுதிப்பத்திரம் இல்லை. நாளை எடுத்துக்கொள்ளப்படக்கூடிய நிலத்தில் நிலையான கம்பிவேலியைக் கடன்பட்டு எவர் நாட்டுவார்? உறுதியில்லாத நிலத்தில் மலிவான காவலே வைக்கப்படும். சுருக்கு அவற்றுள் மிக மலிவானது.

அப்பா இம்முறை வலை வாங்கினார். சம்பளத்திற் பிடித்து மிச்சம் வைத்த பணத்துக்குக் கிடைத்தது பாதித் துண்டை மூடவே போதியது. மற்றப் பாதியில் இஞ்சி நட்டிருக்கின்றார்.