குரூஸ் டிக்கெட்: ஏஜென்ட்டா, நேரடியா? விலையைவிட முக்கியமான 4 கேள்விகள்

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விளம்பரம் வருகிறது. ‘சிங்கப்பூர் குரூஸ், 3 இரவு, பாதி விலை, இன்னும் 2 கேபின் மட்டுமே.’ அதே கப்பலை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் தேடிப் பார்க்கிறீர்கள். விலை வேறு மாதிரி இருக்கிறது. ஏஜென்ட்டிடம் போனால் நடுவில் கமிஷன் போகுமே என்று ஒரு யோசனை. நேரா புக் பண்ணிட்டு, பிரச்னை வந்தா யாரைக் கேட்கிறது என்று இன்னொரு யோசனை.

சுருக்கமான பதில் இதுதான்: ஒரே கேபின், ஒரே தேதி என்றால் விலையில் பெரிய வித்தியாசம் பெரும்பாலும் இருக்காது. வித்தியாசம் வருவது வரியிலும், ரத்து செய்யும்போதும், உங்கள் பணம் யாரிடம் இருக்கிறது என்பதிலும்தான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கமிஷன் யார் பாக்கெட்டிலிருந்து போகிறது?

சர்வதேசக் கப்பல் நிறுவனங்களில் ஏஜென்ட்டின் கமிஷன் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் நேரடியாக வாங்கினாலும் அந்தத் தொகை உங்களுக்குத் தள்ளுபடியாக வராது, நிறுவனமே வைத்துக்கொள்ளும். அதனால் ‘ஏஜென்ட்டைத் தவிர்த்தால் 10% மிச்சம்’ என்ற கணக்கு இங்கே பலிக்காது.

இன்னொரு விஷயம், கமிஷன் மொத்தத் தொகைக்கும் கிடையாது. அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணம், வரிகள் போன்றவற்றுக்குக் கமிஷன் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இருவருக்கு மொத்தம் ரூ.80,000. அதில் அடிப்படைக் கட்டணம் ரூ.60,000, மீதி துறைமுகக் கட்டணமும் வரியும். கமிஷன் 10 முதல் 15% என்று வைத்தால் ஏஜென்ட்டுக்குக் கிடைப்பது ரூ.6,000 முதல் 9,000 வரை. அவர் தன் பங்கு முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் தரக்கூடிய தள்ளுபடி அவ்வளவுதான். மொத்தமாகக் கேபின்களைப் பிடித்து வைக்கும் பெரிய ஏஜென்ட்டுகளுக்கு இன்னும் கொஞ்சம் குறைவான விலை கிடைக்கலாம். ஆனால் ‘பாதி விலை’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் துறைமுகக் கட்டணத்தையும் டிப்ஸையும் சேர்க்காமல் சொல்கிறார், அல்லது ஜன்னல் இல்லாத உள்கேபின் விலையைச் சொல்கிறார். பல கப்பல்களில் டிப்ஸ் கட்டாயம் போலவே பில்லில் ஏறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் என்பது சாதாரணம்.

நேரடியாகக் கட்டினால் செலவே இல்லையா?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். வெளிநாட்டு இணையதளத்தில் டாலரில் கட்டினால் பல கிரெடிட் கார்டுகள் 2 முதல் 3.5% வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. நம் ரூ.80,000 கணக்கில் 3.5% என்றால் ரூ.2,800, ஜிஎஸ்டி ரூ.504. ஆக ரூ.3,304 கூடுதல். நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி மூலம் ரூபாயில் கட்ட முடிந்தால் இந்தக் கட்டணம் வராது. ஆனால் அவர் எந்த மாற்று விகிதத்தைப் போடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசிஎஸ்: செலவா, கடனா?

விமானம், ஹோட்டல், கப்பல் எல்லாம் சேர்ந்த வெளிநாட்டுப் பேக்கேஜை இந்திய ஏஜென்ட்டிடம் வாங்கினால், அவர் உங்களிடம் டிசிஎஸ் வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2020 அக்டோபரில் இது 5 சதவீதமாகத் தொடங்கியது. 2023 அக்டோபர் முதல் ரூ.7 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% ஆனது. 2025 ஏப்ரலில் அந்த எல்லை ரூ.10 லட்சமாக உயர்ந்தது. 2026 பட்ஜெட்டில் தொகை எவ்வளவு என்றாலும் 2% என்று குறைத்தார்கள். இத்தனை முறை மாறியிருப்பதால், பணம் கட்டும் நாளில் விகிதத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.

விமான டிக்கெட் மட்டும், அல்லது ஹோட்டல் மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஜூனில் விளக்கம் தந்தது.

டிசிஎஸ் என்பது கூடுதல் வரி அல்ல. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வசதி: 2024 அக்டோபர் முதல், கட்டிய டிசிஎஸ் விவரத்தை அலுவலகத்தில் கொடுத்தால் மாதச் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைக்கலாம். அதற்கு உங்கள் பான் எண்ணில்தான் டிசிஎஸ் பதிவாகியிருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து போய், ஒருத்தர் பெயரில் பில் போட்டால் கழிவும் அந்த ஒருத்தருக்குத்தான்.

தேதி மாறினால் யார் போனை எடுப்பார்?

ஏஜென்ட் மூலம் புக் செய்தால், கப்பல் நிறுவனம் பெரும்பாலும் உங்களிடம் நேரடியாகப் பேசாது. பெயரில் எழுத்துப்பிழை, கேபின் மாற்றம், ரத்து எல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான். அவர் நல்லவர் என்றால் இது பெரிய நிம்மதி. கடைசித் தவணைக்கு முன் விலை இறங்கினால் குறைத்துக் கேட்பார், விசாவில் சறுக்கும் இடங்களை முன்பே சொல்வார். அவர் போனை எடுக்காதவர் என்றால் உங்கள் டிக்கெட்டுக்கு நீங்களே வெளியாள்.

விசா விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். ஷெங்கன் நாட்டில் ஏறி, துருக்கி போய்விட்டு மறுபடியும் ஷெங்கன் துறைமுகத்துக்குத் திரும்பும் பயணத்துக்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது. ஆவணம் சரியில்லை என்று கப்பலில் ஏற்றவில்லை என்றால் பணம் திரும்ப வராது. நேரடியாக புக் செய்பவர் இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சில விஷயங்களில் எந்த வழியும் காப்பாற்றாது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து தொடங்கிய கார்டிலியா கப்பலின் பயணத் திட்டத்தில் புதுச்சேரியும் இருந்தது. அங்கே அரசு அனுமதி தரவில்லை. கப்பல் பயணிகளை இறக்காமலே திரும்பியது. துறைமுகத்தை மாற்றவும் விடவும் நிறுவனத்துக்கு உரிமை தரும் வரி குரூஸ் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும்.

நிறுவனமே மூடிவிட்டால்?

இதுதான் பெரிய ஆபத்து, இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. 1758-ல் தொடங்கியதாகச் சொல்லிக்கொண்ட காக்ஸ் அண்ட் கிங்ஸ் என்ற பயண நிறுவனம் 2019 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது. ‘பெரிய பெயர்தானே’ என்று நம்பியவர்களுக்கு அது பாடம். கப்பல் பக்கம் பார்த்தால், 2019-ல் மும்பையில் ‘கர்ணிகா’ கப்பலுடன் வந்த ஜலேஷ் குரூஸ் 2020 அக்டோபரில் மூடப்பட்டது. கப்பல் குஜராத்தின் ஆலங்கில் உடைக்கப் போனது.

பிரிட்டனில் விமானத்துடன் கூடிய பேக்கேஜ் வாங்கியவரின் பணத்தைக் காக்க அட்டோல் என்ற திட்டம் உண்டு. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயப் பாதுகாப்பு இல்லை. சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரமும் ஏஜென்ட் விரும்பினால் வாங்குவதுதான்.

சட்டம் எந்தப் பக்கம் உதவும்?

இங்கே இந்திய ஏஜென்ட்டுக்கு ஒரு பிளஸ் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும். ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை. முதலில் 1915 என்ற உதவி எண்ணிலும் முயலலாம். வெளிநாட்டு இணையதளத்தில் வாங்கினால் சட்டம் கைவிடாது. ஆனால் அவர்களுடைய ஒப்பந்தம் வழக்கை வெளிநாட்டு நீதிமன்றத்துக்கு இழுக்கப் பார்க்கும், உத்தரவு கிடைத்தாலும் வசூலிப்பது சிரமம்.

‘இன்னும் 2 கேபின்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவதும் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் விதிகளின்படி தடை செய்யப்பட்டவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

சரி, அப்போ எதைத்தான் செய்யறது?

மும்பை - கோவா மாதிரி உள்நாட்டுச் சின்னப் பயணம், ரூபாயில் விலை, விசா வேண்டாம் என்றால் நேரடியாக வாங்குங்கள். மாற்றமோ ரத்தோ உங்கள் கையிலேயே இருக்கும். இரண்டு மூன்று நாடு, விமானம், அப்பா அம்மா கூட வருகிறார்கள் என்றால் நல்ல ஏஜென்ட் வாங்கும் காசுக்கு உழைப்பார்.

ஏஜென்ட்டிடம் போனால், பணம் கொடுக்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள்:

1. சொன்ன விலையில் துறைமுகக் கட்டணம், டிப்ஸ், ஜிஎஸ்டி, டிசிஎஸ் எல்லாம் அடக்கமா?

2. எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு போகும்? நிறுவனம் பிடிப்பது எவ்வளவு, நீங்கள் பிடிப்பது எவ்வளவு?

3. கப்பல் நிறுவனத்தின் புக்கிங் எண் எப்போது வரும்? அதை வைத்து நிறுவனத்திடமே சரிபார்க்க முடியுமா?

4. பில் எந்த ஜிஎஸ்டி எண்ணில் வரும், பணம் எந்தக் கணக்குக்குப் போகும்?

நாலாவது கேள்விக்கு ‘என் யுபிஐக்கே அனுப்பிடுங்க’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியிடம் மறுப்புக் கோர ஒரு வழி இருக்கிறது. தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் போன பணத்தை அப்படித் திரும்பக் கேட்பது மிகக் கடினம். ரூ.3,000 மிச்சம் பிடிக்கிறேன் என்று ரூ.80,000-ஐ அந்த இடத்தில் வைக்காதீர்கள்.