அரைப்பேர் இல்லாத பட்டியல்

மரதன் ஓட்டங்களிற் கலந்துகொண்டு திரும்பும் மலையக இளைஞரையும் யுவதியரையும் நண்பர்கள் மாலையிட்டு வரவேற்பதைக் காண்கின்றோம். அவர்களோடு சேர்ந்து ஓடுபவருள் நானும் ஒருவன். “நூறு பேருக்குப் பின்னால் வந்தவருக்கு மாலை எதற்கு?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆகவே விடை கூறுவது என் கடன்.

மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், பழைய கணக்கில் 26 மைல் 385 யார். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இத்தூரமே 1921இல் நிலையான அளவாயிற்று. இதில் ஓடுவோருட் பெரும்பாலோர் முதலிடத்தை நாடி ஓடுவதில்லை. தம்முடைய முந்திய நேரத்தை வெல்லவே ஓடுகின்றனர். ஐந்து மணி நேரத்தில் ஓடி முடித்தவர் மறுமுறை நாலே முக்கால் மணியில் முடித்தாரானால், அந்தப் பதினைந்து நிமிடத்துள் எத்தனையோ விடியற்காலைகள் அடங்கியிருக்கின்றன. பிரட்டுக்கு முன்னர் எழுந்து, பனி மூடிய மலைப்பாதையில் ஏறி இறங்கிய உழைப்பு அது.

உழைப்பைக் கணக்கிடும் முறை ஒன்று நம் தோட்டங்களில் உண்டு. குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு ‘பேர்’, குறைந்தால் ‘அரைப்பேர்’. மழையில் நனைந்தாலும், அட்டை கடித்தாலும், தராசு இரங்குவதில்லை. மரதன் பெறுபேற்றுப் பட்டியலிலோ அரைப்பேர் என்பதே கிடையாது. குறித்த நேரத்துள் எல்லைக் கோட்டைத் தாண்டியவர் முதல்வராயினும் கடைசியானவராயினும், அவருக்கு முழுப்பேர் உண்டு. பேருக்கெதிரே மணியும் நிமிடமும் வினாடியும் உண்டு.

பட்டியலில் ஒரு பேர் என்பது மற்றோருக்குச் சிறு காரியமாக இருக்கலாம், நமக்கு அப்படியன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்காளர் இடாப்பிலிருந்தும் அவர்கள் பேர் மறைந்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டனர். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பிரசாவுரிமை கிட்டிற்று. அத்தகைய சமூகத்தின் பிள்ளை, நாட்டின் ஏனைய பிள்ளைகளோடு ஒரே வீதியில் ஓடி, ஒரே பட்டியலிற் பேர் பெறுவது கொண்டாடத்தக்கதன்றோ?

வெற்றியாளரைப் போற்ற வேண்டாமென்பது என் கருத்தன்று. 10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசிய மட்டத்திற் பேர் பெற்ற குமார் சண்முகேஸ்வரனும், மரதன் வீராங்கனை வேலு கிருஷாந்தினியும் மலையகம் தந்த செல்வங்களே. ஆனால் அத்தகையோர் மேலும் தோன்றும் வழி யாது? கென்யாவைப் பாருங்கள். 2016இல் ரியோ ஒலிம்பிக்கிலும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கிலும் மரதன் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகே பிறந்த நாண்டி மாவட்டமும் தேயிலை விளையும் மலைநாடே. அங்கே ஒருவர் வெல்வதற்குப் பின்னால், வெல்லாமல் ஓடிக்கொண்டேயிருப்போர் ஆயிரவர். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் காற்றும் நம்மிடம் உண்டு. நம்மிடம் குறைவாயிருப்பது, வெல்லாதவரையும் ஓட்டக்காரரென மதிக்கும் ஊர்தான்.

எனவே ஒன்று சொல்வேன். வென்ற மூவரின் படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். போட்டி முடிந்த அடுத்த ஞாயிறன்று, தோட்டத்துப் பிரட்டுக் களத்தில் அனைவரும் கூடி, ஓடிய நம்மவர் ஒவ்வொருவரின் பேரையும் நேரத்தையும் உரக்க வாசியுங்கள். கால் பிடித்து 35ஆவது கிலோமீற்றரில் நின்றுபோனவரின் பேர் அச்சிட்ட பட்டியலில் இராது. அதையும் சேர்த்தே வாசியுங்கள். மாலை வாங்கும் பணத்தில், கிழிந்த சப்பாத்தோடு ஓடும் ஒருவருக்குப் புதியதொரு சோடி வாங்கிக் கொடுங்கள்.

வேலைக்கு அனுப்புவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பேர் வாசித்த களம் அது. பெருமைக்காகவும் அங்கே நம் பேர்கள் ஒலிக்கட்டும்.